மாட்டினத்தை வாட்டிய வெக்கை நோய்: அறிவு வென்ற வரலாறு

தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. இலத்தீன் மொழியில் பணத்தைக் குறிக்கும் பெக்கூனியா என்னும் சொல்லும், கால்நடையைக் குறிக்கும் பெக்கூஸ் என்னும் சொல்லின் அடியாகப் பிறந்ததே. தொலைவில் வாழ்ந்த இரு இனத்தாரும் ஒரே உண்மையைத் தத்தம் சொற்களில் பொதிந்து வைத்தனர். உழவுக்கும் வண்டிக்கும் பாலுக்கும் எருவுக்கும் மாட்டையே நம்பி வாழ்ந்த குடும்பத்திற்குத் தொழுவம் வெறுமையாவதும் அடுக்களை வெறுமையாவதும் ஒன்றே.

அத்தகைய தொழுவங்களைப் பல நூற்றாண்டுகளாக வெறுமையாக்கி வந்த நோய் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு உழவர் அதனை வெக்கை நோய் என்றனர். ஜெர்மானியர் ரிண்டர்பெஸ்ட் என்றனர். மாட்டுக் கொள்ளைநோய் என்பது அச்சொல்லின் பொருள். அந்நோய் இன்று உலகில் எங்கும் இல்லை. மனிதன் முயன்று உலகினின்றும் அறவே நீக்கிய நோய்கள் இரண்டே. 1980-ஆம் ஆண்டில் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட பெரியம்மை ஒன்று. 2011-ஆம் ஆண்டில் அவ்வாறே அறிவிக்கப்பட்ட வெக்கை நோய் மற்றொன்று. பெரியம்மையின் கதையைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். வெக்கையின் கதையோ பெரியோருள்ளும் பலர் அறியாதது. ஆயினும், ஒரு வைரசு விலங்கின் உடலில் புகுந்து எவ்வாறு நோய் விளைக்கிறது என்பதையும், அதனை மனிதன் எவ்வாறு சிறிது சிறிதாக உணர்ந்தான் என்பதையும் இதுபோல் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறொன்று அரிது.

நோயின் குறிகள்

வெக்கை கண்ட மாட்டிற்கு முதலில் கடுங்காய்ச்சல் காணும். மாடு தீனி எடுக்காது, அசை போடாது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து பின்னர் சீழாக மாறும். ஈறிலும் நாவிலும் உதட்டின் உட்புறத்திலும் தவிடு ஒட்டியது போன்ற வெண்மையான புள்ளிகள் தோன்றி, உதிர்ந்து, புண்ணாகும். வாயிலிருந்து எச்சில் ஒழுகும். பின்னர்க் குருதி கலந்த கழிச்சல் தொடங்கும். கண் குழிந்து, உடல் வற்றி, குறிகள் தோன்றிய 6 முதல் 12 நாள்களுக்குள் மாடு மாண்டுபோகும். இந்நோயை முன்பு கண்டறியாத மந்தையில் புகுந்தால் நூற்றுக்கு 80, 90 மாடுகள் மடிவதும் உண்டு. பிழைத்தெழுந்த மாட்டிற்கு அந்நோய் மீண்டும் வருவதில்லை. இந்தக் கடைசி உண்மையை நாட்டுப்புற மக்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். பிற்காலத்தில் வந்த மருந்துகளுக்கெல்லாம் அதுவே வித்தாயிற்று.

காற்றின் கேடா, தொற்றா?

18-ஆம் நூற்றாண்டில் இந்நோய் ஐரோப்பாவில் மீண்டும் மீண்டும் பரவி, ஏறத்தாழ 20 கோடி மாடுகளை மாய்த்தது என்று மதிப்பிடுவர். 1711-இல் அது இத்தாலியைத் தாக்கியபோது அந்நாட்டறிஞர் பலரும் கெட்ட காற்றே இதற்குக் காரணம் என்றும், கோள்களின் தீங்கு என்றும், இறைவனின் சினம் என்றும் கூறினர். பதுவா நகரத்து மருத்துவப் பேராசிரியர் இரமாட்சினி, இது மனிதர்க்கு வரும் அம்மையைப் போன்றதொரு தொற்று என்று எழுதினார். போப்பாண்டவரின் மருத்துவராகிய இலான்சிசி ஒருபடி மேலே சென்றார். நோயுற்ற மாட்டையும் அதனோடு நின்ற மாட்டையும் கொன்று ஆழப் புதைக்கவேண்டும். மாடுகளை ஊர்விட்டு ஊர் ஓட்டுதல் கூடாது. மீறுவோர்க்குக் கடுந்தண்டனை வேண்டும் என்பன அவர் வகுத்த விதிகள். அவ்விதிகளைக் கைக்கொண்ட இடங்களில் நோய் விரைவில் தணிந்தது.

1714-இல் இங்கிலாந்தில் இந்நோய் தோன்றியபோது, மன்னர் முதலாம் ஜார்ஜின் அறுவை மருத்துவர் தாமஸ் பேட்ஸ் என்பவர், நோயுற்ற மாடுகளைக் கொன்று எரிக்கச் சொன்னதோடு, உடையவருக்கு இழப்பீடும் தரச் செய்தார். மாட்டை இழப்பவன் பட்டினி கிடக்க நேருமாயின் அவன் நோயை மறைப்பான் என்னும் மனித இயல்பை அவர் உணர்ந்திருந்தார். சில மாதங்களில் நோய் ஒழிந்தது. இலான்சிசியும் பேட்ஸும் வைரசைக் கண்டவர் அல்லர். அச்சொல்லின் இன்றைய பொருளையும் அறிந்தவர் அல்லர். ஆயினும் நோய் உயிருள்ள மாட்டிலிருந்து உயிருள்ள மாட்டிற்கே செல்கிறது என்ற ஒன்றை மட்டும் ஐயமறப் பற்றிக்கொண்டனர்.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலந்து நாட்டின் குரோனிங்கன் பகுதியில் கேர்ட் ரெய்ன்டர்ஸ் என்ற உழவர் வாழ்ந்தார். நோயிலிருந்து பிழைத்த பசு ஈன்ற கன்றுக்குச் சில காலம் நோய் கடுமையாகப் பற்றுவதில்லை என்பதை அவர் கண்டறிந்தார். அக்காலத்திலேயே கன்றுகளுக்கு நோய்ப்பொருளைச் செலுத்தி அவற்றைக் காக்க முற்பட்டார். தாயின் எதிர்ப்பாற்றல் கன்றுக்கு வருகிறது என்ற பேருண்மையைக் கல்லூரி காணாத ஓர் உழவர் தம் தொழுவத்திலேயே கண்டார்.

இந்நோயின் கொடுமையே கால்நடை மருத்துவக் கல்விக்கும் வழிகோலியது. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைக் குளோத் பூர்செலா என்பவர் 1762-இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் திறந்தார். மாட்டுக் கொள்ளைநோயை எதிர்த்தல் அப்பள்ளியின் தலையாய நோக்கங்களுள் ஒன்று.

இங்கிலாந்து கற்ற பாடம்

ஆயினும் கற்ற பாடத்தை மறப்பதும் மனித இயல்பே. 1865-ஆம் ஆண்டில் பால்டிக் கடற்கரைத் துறைமுகத்திலிருந்து ஹல் துறைமுகத்தில் வந்திறங்கிய மாடுகளோடு வெக்கை மீண்டும் இங்கிலாந்திற்குள் புகுந்தது. இலண்டன் சந்தையிலிருந்து இருப்புப்பாதை வழியே நாடெங்கும் சென்றது. வெளிநாட்டு மாடுகளால் இத்தகைய ஆபத்து வரும் என்று ஜான் காம்ஜி என்ற கால்நடை மருத்துவர் முன்னரே எச்சரித்திருந்தார், கேட்பார் இல்லை. நோய் வந்த பின்னும், இது தொற்றன்று, அழுக்கிலிருந்து தானே தோன்றுவது என்று வாதிட்டோர் பலர். மாடுகளைக் கொல்வது காட்டுமிராண்டித்தனம் என்றும் இகழ்ந்தனர். மாதங்கள் கழிந்தன. இலட்சக்கணக்கான மாடுகள் மடிந்த பின்னரே, 1866-இல் சட்டம் இயற்றிக் கொல்லுதலையும் போக்குவரத்துத் தடையையும் கட்டாயமாக்கினர். அடுத்த ஆண்டில் நோய் அடங்கியது.

அவ்வேளையில் அமைக்கப்பட்ட அரசாங்க ஆணைக்குழுவிற்காகப் பர்டன் சாண்டர்சன் என்பவர் ஆராய்ச்சி செய்தார். நோயுற்ற மாட்டின் குருதியிலேயே நோயைப் பரப்பும் பொருள் உள்ளது என்றும், வெளிக்குறிகள் தோன்றுமுன்பே உடலின் வெப்பம் உயர்ந்துவிடுகிறது என்றும் அவர் காட்டினார். கண்ணுக்கு நலமாகத் தோன்றும் மாடு உள்ளே நோயுற்றிருக்கலாம் என்பது இதனால் தெளிவாயிற்று. இலான்சிசி உடன் நின்ற மாட்டையும் கொல்லச் சொன்னது ஏன் என்பதற்கு 150 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விளக்கம் இது.

ஆப்பிரிக்காவின் பேரழிவு

வெக்கையின் கொடுமை உச்சத்தை எட்டியது ஆப்பிரிக்காவிலேயாகும். 1887-இல் எரித்திரியாவில் இறங்கிய இத்தாலியப் படைக்காகக் கொண்டுவரப்பட்ட மாடுகளோடு நோயும் இறங்கியது. அக்கண்டத்தின் தென்பகுதி அதுவரை இந்நோயை அறியாதது. ஆதலின் அங்கிருந்த மாடுகளுக்கு எதிர்ப்பாற்றல் சிறிதும் இல்லை. எத்தியோப்பியாவில் உழவுமாடுகள் மடிந்தன, நிலம் தரிசாயிற்று, 1888 முதல் 1892 வரை பெரும் பஞ்சம் நிலவியது. அந்நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர் என்று மதிப்பிடுவர். மாட்டின் பாலையும் குருதியையும் உணவாகக் கொண்ட மாசாய் மக்களும் சிதறுண்டனர். காட்டெருமைகளும் கூட்டங்கூட்டமாய் மடிந்தன.

1896-இல் நோய் சாம்பேசி ஆற்றைக் கடந்து தெற்கே பரவியது. மாட்டுவண்டியே போக்குவரத்தாயிருந்த நாட்டில் வண்டிகள் வழியிலேயே நின்றன. நோயைத் தடுப்பதாகக் கூறி வெள்ளையர் ஆட்சி நலமான மாடுகளையும் சுட்டது. அதன் காரணத்தை மக்களுக்கு எவரும் விளக்கினாரில்லை. ஏற்கனவே நிலத்தையும் மாட்டையும் பறிகொடுத்திருந்த மாட்டபெலே மக்கள் அவ்வாண்டில் கிளர்ந்தெழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே முறை இங்கிலாந்தில் பயன் தந்தது. இங்கே பகையை வளர்த்தது. இழப்பீடும் விளக்கமும் இல்லாத இடத்தில் நல்ல விதியும் கொடுங்கோலாகவே தோன்றும்.

1896-ஆம் ஆண்டு இறுதியில் ஜெர்மன் அறிஞர் இராபர்ட் காக் கிம்பர்லி நகருக்கு அழைக்கப்பட்டார். வெக்கையால் இறந்த மாட்டின் பித்தநீரை நலமான மாட்டிற்குத் தோலின்கீழ்ச் செலுத்தினால் எதிர்ப்பாற்றல் உண்டாகிறது என்று 1897 தொடக்கத்தில் அவர் அறிவித்தார். ஆனால் அம்முறையால் சில மாடுகளுக்கு நோயே வந்துவிட்டது. அவருக்குப் பின் வந்தோர், பிழைத்த மாட்டின் குருதியிலிருந்து பிரித்த ஊனீரையும் நோய்க்குருதியையும் ஒருங்கே செலுத்தும் முறையைக் கண்டனர். பல்லாண்டுகள் அதுவே வழக்கில் இருந்தது.

வடிகட்டியைக் கடந்த கிருமி

இத்தனைக்கும் நோயின் காரணத்தை எவரும் கண்டிலர். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த காக்கின் உருப்பெருக்கியிலும் அது அகப்படவில்லை. 1898-இல் லோஃப்ளர், ஃப்ராஷ் என்னும் இரு ஜெர்மானியர் கோமாரி நோயின் காரணம், பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் நுண்வடிகட்டியையும் கடந்து செல்கிறது என்று காட்டினர். 1902-இல் கான்ஸ்தாந்திநோபிள் நகரில் மாரீஸ் நிக்கோலும் அடில் பேயும் வெக்கையின் காரணமும் அத்தகையதே என்று மெய்ப்பித்தனர்.

இவ்வாறு வடிகட்டியைக் கடக்கும் கிருமிகளுக்கு வைரசு என்ற பெயர் நிலைத்தது. இலத்தீனில் அதற்கு நஞ்சு என்பது பொருள். தமிழில் நச்சுயிரி என்று வழங்குவதும் அதனைத் தழுவியே. ஆயின் இப்பெயர் ஒருவகையில் மயக்கம் தருவது. பாம்பின் நஞ்சு அளவுக்கேற்பத் தீங்கு செய்யும். உடலில் புகுந்தபின் பெருகாது. வைரசோ பெருகும், ஆனால் தனித்துப் பெருகாது. உண்ணவும் வளரவும் இனம் பெருக்கவும் தனக்கென ஒரு கருவியும் இல்லாத அது, உயிருள்ள உயிரணுவுக்குள் புகுந்து, அவ்வணுவின் தொழிற்கூடத்தையே தன் படிகளை ஆக்கும் கூடமாக மாற்றிக்கொள்கிறது. அதனால் அணு அழிவதும், அணுக்களால் ஆன உறுப்பு செயலிழப்பதுமே நோய்.

உடலுக்குள் நிகழ்வது

வெக்கை வைரசு நோயுற்ற மாட்டின் மூச்சுத்துளியிலும் எச்சிலிலும் சாணத்திலும் வெளிப்படும். அருகில் நிற்கும் மாடு மூச்சிழுக்கும்போதும், ஒரே தொட்டியில் நீர் பருகும்போதும் அது உட்புகும். முதலில் அது அடிநாச் சுரப்பியிலும் கழுத்தின் நிணநீர்க் கணுக்களிலும் தங்குகிறது. அங்கே இருப்பவை உடலைக் காக்கும் வெள்ளணுக்கள். அவற்றின் மேற்புறத்தில் உள்ள ஒரு புரதம் பூட்டாகவும், வைரசின் மேற்புறப் புரதம் திறவுகோலாகவும் அமைந்துவிடுகின்றன. காவலரே கள்வனை உள்ளே விட்டு, அவனைச் சுமந்தும் செல்கின்றனர். குருதியோடு ஓடும் வெள்ளணுக்கள் வைரசை மண்ணீரலுக்கும் குடலைச் சார்ந்த நிணநீர்த் திரள்களுக்கும் கொண்டு சேர்க்கின்றன. 3 முதல் 15 நாள்கள் வரை இப்படி மறைவாகக் கழியும். காய்ச்சல் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே மாடு வைரசை வெளிவிடத் தொடங்கிவிடும்.

அடுத்து வைரசு, வாய், மூச்சுக்குழல், இரைப்பை, குடல் ஆகியவற்றின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் மெல்லிய தோலணுக்களைப் பற்றுகிறது. அவை ஒன்றோடொன்று கலந்து பேரணுக்களாகி மடிந்து உதிர்கின்றன. வாயிற் காணும் வெண்புள்ளிகள் இவ்வாறு மடிந்த அணுக்களே. குடலின் போர்வை உதிர்ந்தபின் அது உணவை ஏற்காது. உடலின் நீரையும் உப்பையும் காக்கவும் மாட்டாது. கழிச்சலால் உடல் வற்றுகிறது. வெள்ளணுக்கள் அழிந்தமையால், முன்பு அடங்கிக் கிடந்த வேறு கிருமிகளும் தலைதூக்குகின்றன. காப்பவர் அழிந்து கோட்டையும் இடிந்தபின் மாடு சாகிறது.

மாடு தாக்குப்பிடித்தால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் எதிர்ப்பொருள்கள் உண்டாகி வைரசை அறவே நீக்கிவிடும். அதன்பின் வாழ்நாள் முழுதும் அந்நோய் அதனை அணுகாது. வைரசும் அதனுள் ஒளிந்திருக்காது.

தடுப்பு மருந்து வந்த வழி

இமயமலைச் சாரலில் உள்ள முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தில் 1920-களில் எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கை வைரசை ஆடுகளின் உடலில் தொடர்ச்சியாகச் செலுத்தி வந்தார். ஆட்டுக்குப் பழகப் பழக, அது மாட்டைக் கொல்லும் வலிவை இழந்தது. எதிர்ப்பாற்றலை உண்டாக்கும் தன்மையோ குறையவில்லை. இந்திய நாட்டு மாடுகள் பலவற்றை இம்மருந்து காத்தது. ஆயினும் நலிந்த மாடுகளுக்கும் சில அயல் இனங்களுக்கும் அது கடுமையாகவே இருந்தது.

அக்குறையை நீக்கியவர் வால்டர் பிளவ்ரைட். கென்யாவின் முகுகா ஆராய்ச்சி நிலையத்தில் 1950-களின் இறுதியில் அவரும் துணைவரும் கன்றின் சிறுநீரக அணுக்களைக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்து, அவற்றில் வைரசை ஏறத்தாழ 90 முறை மாற்றி மாற்றி வளர்த்தனர். இவ்வாறு கிடைத்த மருந்து எல்லா இன மாடுகளுக்கும் தீங்கற்றது, விலை மலிவானது, நீடித்த பாதுகாப்பும் தந்தது. எனினும் குளிர்ப்பெட்டி இன்றி அது கெட்டுவிடும். 1990-ஆம் ஆண்டளவில் ஜெஃப்ரி மாரினர் என்பவர் வெப்பத்தைத் தாங்கும் வகையில் அதனை உலர்த்திப் பக்குவப்படுத்தினார். சாலையும் மின்சாரமும் இல்லாத மேய்ச்சல் நிலங்களுக்கு அதனைக் கொண்டுசென்று மாடுகளுக்குக் குத்தியவர்கள், அவ்வூர் மேய்ப்பர்களிலிருந்தே தேர்ந்து பயிற்றப்பட்டவர்கள்.

ஒழித்த முறை

1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற மாடுகள் வழியில் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கியபோது பெல்ஜியத்தில் வெக்கை பரவியது. அதன் விளைவாக 28 நாடுகள் கூடி 1924-இல் பாரிசில் ஓர் அனைத்துலக விலங்கு நோய் அலுவலகத்தை நிறுவின. இன்று உலக விலங்கு நல அமைப்பு என வழங்குவது அதுவே.

1962 முதல் 1976 வரை ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றுகூடி மாடுகளுக்குத் தடுப்பூசி குத்தின. நோய் ஏறத்தாழ மறைந்தது. மறைந்துவிட்டது என்று எண்ணி முயற்சியைத் தளரவிட்டனர். ஒதுக்கிடங்களில் எஞ்சியிருந்த வைரசு 1980-களில் மீண்டும் எழுந்து பேரிழப்பை விளைத்தது. நோய் குறைவது வேறு, ஒழிவது வேறு என்பதை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1994-இல் ஐ. நா. உணவு வேளாண்மை நிறுவனம் உலகளாவிய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

இந்தியாவில் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் 1954-இல் தொடங்கியது. நோயின் கடைசி இருப்பிடங்களுள் தென்னகமும் ஒன்று; 1995-இல் தமிழ்நாட்டில் கண்டதே இந்தியாவின் கடைசி வெக்கை. பின்னர்த் தடுப்பூசியை நிறுத்தி, ஊசி போடாத இளங்கன்றுகளின் குருதியை ஆண்டுதோறும் சோதித்து, நோய் இல்லை என்பதை மெய்ப்பித்தனர். 2006-இல் இந்தியா விடுபட்ட நாடாக ஏற்கப்பட்டது. உலகில் வெக்கை கடைசியாகக் காணப்பட்டது 2001-இல், கென்யாவின் மேரு காட்டுப் பூங்காவில், காட்டெருமைகளிடையே.

கோமாரியும் வைரசு நோயே. அது ஏன் இன்னும் ஒழியவில்லை? கோமாரி வைரசில் 7 வகைகள் உள்ளன. ஒன்றுக்கு எதிரான பாதுகாப்பு மற்றொன்றுக்கு உதவாது. நலம் பெற்ற மாட்டின் தொண்டையிலும் அது நெடுநாள் தங்கும். வெக்கைக்கு வகை ஒன்றே, தங்கிடம் இல்லை, வெயிலிலும் வறட்சியிலும் விரைவில் மடிவது. உயிருள்ள புதுமாடு கிடைக்காவிடில் அதற்கு வாழ்வில்லை. பிற உயிரையே சார்ந்து வாழ்வது அதன் வலிமை. அதுவே அதன் மெலிவும் ஆயிற்று.

வெக்கையின் உறவினங்கள்

மனிதர்க்கு வரும் தட்டம்மையின் வைரசு வெக்கை வைரசுக்கு மிக நெருங்கிய உறவு. வெள்ளாட்டையும் செம்மறியையும் வாட்டும் ஆட்டுக்கொல்லி நோயின் வைரசும் அவ்வாறே. இந்தியாவில் ஆட்டுக்கொல்லி முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது 1987-இல், விழுப்புரத்தை அடுத்த அரசூரில். அதற்குமுன் ஆடுகளில் இத்தகைய குறிகள் கண்டபோது வெக்கை என்றே கொள்ளப்பட்டது.

நோயைப் பிறிதொன்றாகக் கருதுவதால் வரும் இடரை மலேசியாவும் அறியும். 1998-இல் ஈப்போவை அடுத்த பகுதியில் தோன்றி நெகிரி செம்பிலானுக்குப் பரவிய மூளைக்காய்ச்சல், முதலில் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. கொசுமருந்து தெளித்தும் தடுப்பூசி குத்தியும் பயனில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் அதன் உண்மையான வைரசைக் கண்டறிந்தார். சுங்கை நிப்பா என்னும் ஊரின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதர்க்கும் அது பரவியது. நாட்டில் 105 பேர் உயிரிழந்தனர். 10 இலட்சத்திற்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. இதுவும் வெக்கை வைரசின் பெருங்குடும்பத்தைச் சார்ந்ததே. ஆயினும் தனக்கு நோயின்றியே வௌவால் இதனைச் சுமந்து திரிவதால், வெக்கையைப் போல் இதனை வேரறுத்தல் இயலாது. விழிப்போடிருந்து விலக்கி வைத்தலே இயலும்.

ஆட்டுக்கொல்லிக்கு அத்தகைய தங்கிடம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே 2030-க்குள் அதனை உலகினின்றும் நீக்குவதென 2015-இல் பல நாடுகள் திட்டம் வகுத்தன. மாடு வாங்க வழியற்ற ஏழைக் குடும்பத்திற்கு நாலைந்து ஆடுகளே செல்வம். இலான்சிசியின் விதியும், பேட்ஸின் இழப்பீடும், ரெய்ன்டர்ஸின் கன்றும், பிளவ்ரைட்டின் கண்ணாடிக் கலமும், குளிர்ப்பெட்டியின்றி மருந்தைச் சுமந்து சென்ற மேய்ப்பர்களின் நடையும் சேர்ந்தே வெக்கையை வென்றன. பெரியம்மையைப் பற்றிப் பாடம் சொல்லும் ஆசிரியர், அதனோடு இவ்வரலாற்றையும் மாணாக்கர்க்கு எடுத்துரைத்தல் நன்று.